ஓடர் ரத்து

பகல் முழுக்க மற்றவர்களின் இரத்தத்தைச்
சுழற்றுவது என் வேலை.
பத்து நிமிடம். இயந்திரம் நிற்கும்.
சிவப்பு அடியில் தங்கிவிட
மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர்.
அந்தச் செவ்வாய்க்கிழமை
ஒரு குழாய் மட்டும்
தேங்காயின் இரண்டாம் பால்போல் கலங்கி நின்றது.
ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
வை. புவிதரன், ஆண், முப்பத்தெட்டு.
எங்கள் வீட்டு இவர்.

இரவில் பர்கர் சுமக்கிறார்.
மோட்டார்சைக்கிளின் பின்னால் சிவப்புப் பெட்டி.
திருமலை வீதிக் கடையில் ஏற்றி
அரசடி, நாவற்குடா,
சிலநாள் பாலம் தாண்டி ஆரையம்பதி வரை.
பிழையாகச் சுட்டது, வீட்டில் ஆள் இல்லாதது,
வேண்டாம் என்று கதவடைத்தது எல்லாம்
பெட்டியில் மிஞ்சும்.
"எறிய மனம் வராது" என்பார்.
கிழமைக்கு நான்கு. எண்ணியிருக்கிறேன்.

நான் சண்டை பிடிக்கவில்லை.
டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார்,
சண்டையிலும் உப்பு உண்டு.

சனிக்கிழமை டச்பாரில் ஒரு சூரை வாங்கினேன்.
அவித்து, முள் பார்த்து, உதிர்த்து
வத்தாளங்கிழங்கோடு பிசைந்தேன்.
மிளகு, பெருஞ்சீரகம், பொடியாய்க் கறிவேப்பிலை,
அரைத் தேசிக்காய்.
முதல் வட்டம் தாச்சியில் உடைந்து சுண்டலானது.
நின்றபடியே தின்று மறைத்தேன்.
இரண்டாவதும் உடைந்தது. அதையும்.
மூன்றாவதுக்குக் குரக்கன் மா தூவி
ஒரு மணித்தியாலம் குளிரில் வைத்தேன்.
பிடித்துக்கொண்டது.

பணிஸ்தான் பெரிய கதை.
குரக்கன் பாதி, ஆட்டா பாதி. வீட்டில் போறணை இல்லை.
டெரன்ஸ் அங்கிளின் பேக்கரியில்
காலைப் பாண் இறங்கியபின் மிச்ச அனலில் வைத்தேன்.
"பறங்கியன்ர போறணையில பர்கர் பணிஸ்,
பொருத்தம்தான் பிள்ள" என்று வயிறு குலுங்கினார்.
எறிந்தால் ஓடு உடையும்.
மேலே எள்ளு வைத்திருந்தேன், அழகுக்கு.

மயோனைசுக்குப் பதில் படுவான்கரைச் சட்டித்தயிர்.
துணியில் முடிந்து குழாயில் தொங்கவிட்டேன்.
இரவெல்லாம் சொட்டுச் சொட்டு.
தூக்கத்தில் எழும்பி
தண்ணீர்தான் ஒழுகுதென்று குழாயைத் திருகினேன்,
தவறான பக்கம்.

ஞாயிறு, இரவு பத்தரை.
"இஞ்ச பாருகா, ஓடர் ரத்து.
காசும் கட்டிப்போட்டு ஆள் லொட்ஜில இல்ல."
அவருடையதை மேசையில் வைத்தார்.
பக்கத்தில் என்னுடையதை வைத்தேன்.
எண்ணெய் ஊறிய தாளின் ஊடாக
மேசைவிரிப்பின் பூக்கள் தெரிந்தன.
இரண்டையும் நடுவால் வெட்டினேன்.

உண்மையைச் சொல்லவேண்டும்:
கடையது ருசி. ஆறியும் ருசி.
என் நாக்கும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது,
எனக்கு என்மேலேயே கோபம்.

அவர் என்னுடையதை மென்றார்.
இன்னும் மென்றார்.
குரக்கன் அவசரத்துக்கு இனிக்காது.
"உள்ளுக்கு என்னகா, இறைச்சியா?"
"சூரை."
"பச்சையா ஏதோ?"
"வல்லாரை."
"ஞாபக சக்திக்கோ?"
"ஓம். முப்பத்தெட்டு வயதெண்டு உங்களுக்கு ஞாபகம் வர."
சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.
அந்தக் குழாயைப் படம் எடுத்து வைத்திருந்தேன்.
காட்டவில்லை,
சாப்பிடுகிற நேரம்.

கைபேசி அதிர்ந்தது. கல்லடிக்கு மூன்று சிக்கன், ஒரு சீஸ்.
எழும்பியவர் கடைப் பர்கரின் தன் பாதியைப் பார்த்தார்.
எறிய மனம் வராத மனிசன்.
வாசல் நாய்க்குப் பிட்டு வைத்தார்.
எனது இன்னொன்றை அதே எண்ணெய்த்தாளில் சுற்றி
சிவப்புப் பெட்டியில், மற்றவர்களின் பசிக்குப் பக்கத்தில்
திணித்துக்கொண்டு போனார்.

பதினொன்றே முக்காலுக்குச் செய்தி வந்தது:
"பாலத்தில நிக்கிறன். நல்ல காத்து.
தின்னலாம். கொஞ்சம் உப்புக் காணாது."

பதில் எழுதவில்லை.
தயிர் கட்ட
இன்னொரு துணி தேடினேன்.