தோன்றா எழுவாய்

பொற்குடம் மசாலா வழங்கும்
‘நாற்பது சொல்லில் என் அமீரகம்.’
முதல் பரிசு நாலு கிராம் தங்கம்,
இரண்டாவது மிக்ஸி,
மூன்றாவது ஐந்து கிலோ பொன்னி.
ஒரு காலைக்குப் பதினோரு முறை அறிவிப்பு.
பின்னால் கடுகு வெடிக்கும் சத்தம்.
அந்தக் கடுகு என் யோசனை.

வந்து குவிந்தவை ஆயிரத்து முந்நூறு சொச்சம்.
ரேணுகோபால் சாருக்கு அந்த எண் போதும்,
கட்டம் போட்டு விளம்பரக்காரருக்கு அனுப்பிவிட்டார்.
படிக்க மிச்சமிருந்தவள் நான் ஒருத்தி,
ரோலாவில் மூன்றாம் மாடி, ஏசி சொட்டும் அறை.
சாலிக் கட்டணத்தை நாற்பது சொல்லில் திட்டியிருந்தார்
டாக்சிக்காரர் ஒருவர்.
அல் கூஸ் பக்கமிருந்து ஒரே கதை
ஆறு பெயரில் வந்தது, ஆறிலும் அதே எழுத்துப்பிழை.
யாரோ போட்டி என்னவென்று பாராமல்
பயோடேட்டாவை அனுப்பியிருந்தார்.
அது எப்படியோ
சரியாக நாற்பதில் முடிந்திருந்தது.

இரவு ஒன்பதே காலுக்கு இது:

“முப்பத்தெட்டு மாடி உயரம். கிரேன் பெட்டிக்குள் ஒரு ஆள்தான் உட்காரலாம். காலை நாலரைக்கு ஏறினால் மதியம்தான் இறங்கலாம். கீழே மூடுபனி, கடலும் ஊரும் தெரியாது. ரேடியோவில் உங்கள் குரல் மட்டும். நேற்று நீங்கள் ‘யார் கேட்கிறீர்கள்?’ என்றீர்கள். நான் கையைத் தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை. பனி விலகியதும் அதே கையால் கண்ணாடிச் சுவரை மெதுவாக இறக்கி வைத்தேன்.”

கீழே பெயர்: சிங்கராயர்.
எண்ணினேன். நாற்பத்தொன்று.
விரல் விட்டு மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்றுதான்.

விதி எண் மூன்று: ஒரு சொல் கூடினாலும் நிராகரிக்கப்படும்.
விதியைத் தட்டச்சு செய்ததும் இதே கைதான்.

‘மெதுவாக’வை எடுத்தால்
கண்ணாடி உடையும்.
‘ஒரு’வை எடுத்தால்
பெட்டிக்குள் இன்னொருவருக்கும் இடம் வந்துவிடும்.
‘கடலும்’ போனால் ‘ஊரும்’ நொண்டும்.
‘மட்டும்’? மாட்டேன்.
டீ ஆறி ஆடை கட்டியது.

அப்புறம்தான் கண்ணில் பட்டது ‘நான்’.
தூக்கினேன் என்றாலே ஆள் தெரிகிறதே,
வினைமுற்றின் வாலில் உட்கார்ந்திருக்கிறாரே.
பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தது:
தோன்றா எழுவாய்.
அழித்தேன்.
இலக்கணப்படி ஒரு குறையுமில்லை.

தங்கம் போனது
பொற்குடம் சாம்பார் பொடி மணத்தில்
அம்மாவைக் கண்ட கணக்காளருக்கு.
மிக்ஸி அவருடைய மைத்துனிக்கு;
அது தெரியவந்தபோது வேன் கிளம்பியாகிவிட்டது.
அரிசி சிங்கராயருக்கு.

பெட்ரோல் விலைக்கும்
இத்திஹாத் சாலை நெரிசலுக்கும் நடுவே
பர்வீன் வாசித்தாள்,
இருபத்திரண்டு நொடி.
மூச்சு விட இடமில்லாமல்தான் வாசித்தாள்,
ஆனாலும் நன்றாக வாசித்தாள்.

பிற்பகல் போன் வந்தது.
அரிசியை எங்கே வாங்கிக்கொள்வது என்று கேட்பார்
என்று நினைத்து எடுத்தால்,
காற்றுச் சத்தம், நடுவே எங்கோ இரும்பு உரசல்.

“சிங்கராயர் பேசுறேங்க. ஒரு வார்த்தை குறையுதே?”

நாற்பதுக்கு மேலே போனால், என்று இழுத்தேன்.

“தெரியும். நானும் எண்ணித்தான் பார்த்தேன்.
எதை எடுக்கறதுன்னு புரியலை.
ஒண்ணுதானே, விட்டுருவாங்கன்னு நினைச்சேன்.”

கோபமில்லை குரலில்.
சீட்டுப் பணத்தில் ஒரு திர்ஹம் குறைந்தால் கேட்பார்களே, அப்படி.
மேலே யாரோ வாக்கிடாக்கியில் இந்தியில் கத்தினார்கள்.
“சரிங்க, தூக்கணும்” என்று வைத்துவிட்டார்.

அரிசி மூட்டை இன்னும் வரவேற்பறையில் கிடக்கிறது,
ஒட்டிய பெயர்ச்சீட்டின் மூலை சுருண்டு.
வருகிறவர்கள் அதன் மேல் ஹெல்மெட் வைக்கிறார்கள்.

அடுத்த மாதப் போட்டிக்கு
அறிவிப்பைத் தட்டச்சு செய்தபோது
‘நாற்பத்தொன்று சொல்லில்’ என்று போட்டு அனுப்பினேன்.
எழுத்துப்பிழை என்று
ரேணுகோபால் சார் சிவப்பில் திருத்தி அனுப்பினார்.
கூடவே ஒரு குறிப்பு:
இந்த முறை பாத்திரம் கழுவும் சோப்பு.
கடுகு வேண்டாம். நுரைச் சத்தம் கிடைக்குமா, பாருங்கள்.