மூச்சுக் கணக்கு

பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டை உடைத்தானாம்.
கேட்டதற்கு, "உன் தோலை உரிச்சிருவேன்" என்றானாம்.
"அஞ்சு வயசுக்கு எங்கேருந்து வருது இது?"
பால்வாடி டீச்சர் என்னைக் கேட்டாள்.
எனக்குத் தெரியும்.
விரலில் சுற்றிய துணியை
அவிழ்த்து அவிழ்த்துச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிறவள் நான்.
முங்கினால் முப்பத்தாறு எண்ணும்வரை மேலே வரமாட்டேன்.
பாறை கையைக் கிழித்தாலும்
முகத்துக்கு நேரே சொறி மிதந்தாலும்
பதறாமல் இருக்கத் தெரியும்.
கரையில்தான் தெரியாது.

வனத்துறைப் படகு துரத்திய நாளில்,
ஈரம் என்று ஏவாரி எடை குறைத்த நாளில்
பார்த்து அவன் குழம்புச் சட்டியைத் தட்டிவிடுவான்.
சட்டிக்கு ஓர் அடி போதும்.
மற்றதற்கெல்லாம் சேர்த்து அடித்திருக்கிறேன்.
"செல்லம் குடுத்துக் கெடுக்குறே" என்பாள் மதினி காலையில்.
"பிள்ளையைக் கொன்னுறாதே" என்பாள் சாயங்காலம்.
இரண்டையும் நம்பினேன்.

இன்றைக்கு,
காய்ந்து கிடந்த பாசி முழுக்க ஒரு குடம் தண்ணீர்.
"தாகம்னுச்சும்மா."
இரண்டு நாள் கூலி.
கை ஓங்கிவிட்டது.
ஓங்கியபடியே மூச்சைப் பிடித்தேன், கடலுக்குள் போல.
ஒன்பதிலேயே முட்டியது.
கன்னத்தைப் பொத்திக் கண்ணை இறுக்கி
அவன் அடிக்குக் காத்திருந்தான்.
பதினொன்றில் ஒரு கண் திறந்தது.
"முங்குறியாம்மா?"

நான் சிரிக்கவில்லை.
கோபம் ஈரச் சாக்கு மாதிரி தோளில் கிடந்தது.
"ஆமா. வெளியே வர நேரமாகும். தள்ளி நில்லு."
நிற்கவில்லை. கூடவே எண்ணினான்:
பதினஞ்சு, பதினாறு, பதினெட்டு.

நம்புநாயகிக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை,
பேர் நம்பு.
நாளுக்கு நாற்பது தடவை கத்துகிற பேர்.
மெல்லக் கூப்பிட்டபோது
வேறு யாரோ எனக்குச் சொன்னது போலிருந்தது.
"நம்பு, பதினேழு எங்கடா?"
யோசித்தான். "கடல்ல விழுந்துருச்சு."

பாசியைத் திரும்ப விரித்தோம்,
அவன் ஒரு பிடி, நான் ஒரு கை.
நாளைக்கு அடிக்கமாட்டேன் என்று
யாருக்கும் சத்தியம் செய்யவில்லை.
சிலேட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும்.

பொழுது சாயும்போது
செவலை நாய் பாசிமேல் கால் வைத்தது.
கல்லை எடுத்தவன் அப்படியே நின்று,
கன்னம் உப்ப,
"ஒண்ணு… ரெண்டு…" என்றான்.

மூன்றில் எறிந்துவிட்டான்.
படவில்லை.