பலூன்

பன்னிரண்டாம் கட்டில்.
இடது காலில் இரும்புக் கம்பி, நான்கு திருகு.
கொழும்புப் பெரியாஸ்பத்திரி விபத்து வார்டில்
இரவு என்று ஒன்று கிடையாது;
ட்யூப் லைட் மட்டும் சிலநேரம் இமைக்கும்.

முதல் நாள் பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார்.
பிறகு தமிழில், எழுத்துக்கூட்டுவதுபோல்:
"யார் ஓட்டினது?"

டிலுக்சன் என்றேன்.

அப்போது அவன் பிணவறையில்
கால் பெருவிரலில் ஒரு நம்பரோடு கிடந்தான்.
மறுக்கமாட்டான் என்று தெரியும்.
வகுப்பிலும் அப்படித்தான்,
நான் உடைத்த ஜன்னலுக்கு
இரண்டு பிரம்படி வாங்கியவன்.

புவக்பிட்டியப் பக்கம், லயத்தில்,
ரொஷானின் தங்கச்சிக்குப் பிறந்தநாள்.
ஐம்பது பலூன். முழுக்க ஊதியது டிலுக்சன்.
பம்ப் எதுக்குடா, நெஞ்சு இருக்கே என்றான்.
பின்னால் பீலிக்கரையில்
மாமாமார் மிச்சம் வைத்த போத்தல்.
யோகட் கப்பில் ஊற்றினோம்.
எனக்கு மூன்று. அவனுக்கு ஒன்று,
அதிலும் பாதியைத் துப்பினான்.
பரீட்சை முடிந்து பதினோரு நாள்.

ஐஸ் முடிந்துவிட்டது, டவுனுக்குப் போகவேண்டும்.
ரொஷானின் அப்பாவுடைய திரீவீல்,
லீசிங் இன்னும் இருபத்தாறு மாசம்,
சாவி ஆணியில் தொங்கியது.
யாரிடமும் கேட்கவில்லை. யாரும் தடுக்கவுமில்லை.
ஸ்பீக்கரைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்த பெரியவர்களில்
ஒருவர் கைகூடக் காட்டினார்.

முன்விளக்கு எரியாது.
அதனால் டிலுக்சன் என் சீட்டில் பாதிக்கு ஒண்டி
ஃபோன் டோர்ச்சை ரோட்டுக்குப் பிடித்தான்.
"மெல்லடா" என்றான்.
அன்றிரவு எனக்குச் சிரிப்பு மூட்டிய சொல் அது.

ரப்பர் மரங்கள் சிரட்டையோடு
ஒவ்வொன்றாய் வெளிச்சத்துக்கு வந்து விலகின.
வளைவில்
ஒரு மரம் விலகவில்லை.

டோர்ச் அணையாமல்
புல்லுக்குள் வானத்தைப் பார்த்துக் கிடந்ததாம்.
அதை வைத்துத்தான் ஆட்கள் இறங்கி வந்தார்களாம்.
முன்னால் கிடந்தது அவன்.
பின்சீட்டுக்குள் சுருண்டிருந்தது நான்.
ஆகவே.

என்னையும் ஊதச் சொன்னார்கள்.
உதட்டில் தையலோடு ஊதினேன்.
குழாய்க்குள் மஞ்சள் பச்சையானது.
பின்னால் இருந்தவன் குடித்தால் என்ன,
பொலிஸ்காரர் பேனாவை மூடினார்.

இன்று மத்தியானம் அவன் அம்மா வந்தாள்.
எட்டு முடிந்ததாம்.
விடியலில் பால் வெட்டி, அரைப்பேர் போட்டுக்கொண்டு,
இரண்டு பஸ் மாறி.
விரலிடுக்கில் பால் காய்ந்து கறுத்திருந்தது.
எனக்கு ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல்.

கட்டிலோரம் நின்று என் காலைப் பார்த்தாள்.
பிறகு, கடைக்கணக்கை
மறுபடி கூட்டிப்பார்ப்பவள் குரலில்:
"எம் புள்ளைக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதேப்பா.
எப்ப பழகுனான்?"

மருதானைப் பக்கம் ரயில் ஊதியது.
நான் வாயைத் திறந்தேன்.
காற்று வந்தது.

லயத்து முகட்டில் இன்னும் இரண்டு பலூன் தொங்குதாம்.
அவுக்க யாருக்கும் மனசு வரலயாம்.
சுருங்கி, தேசிக்காயளவு ஆகி,
அவன் மூச்சு அதுக்குள்ள அப்படியே இருக்காம்.
சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினாள்.

நர்ஸ் மிஸ் வந்தார். நான் சிங்களத்தில்,
இவளுக்கு விளங்காமலிருக்க,
அந்தப் பொலிஸ்காரர் மறுபடி எப்போது வருவார்,
முதலில் சொன்னதை மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

தோட்டத்திலிருந்து சந்தைக்குப் போய்வருகிறவளுக்கு
சிங்களம் தெரியும் என்பது
கேட்டு முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

போத்தல் மூடி
பாதித் திருகில் நின்றது.