லெஃப்ட்

டாண்டினாங் மருத்துவமனை, மூன்றாம் தளம்,
ஜன்னல் இல்லாத அறை.
டாக்டர் பேசினால் நான் டாக்டர்.
அரியரட்ணம் பேசினால் நான் அரியரட்ணம்.
சொந்தமாக ஒரு வாக்கியம்
இந்த வேலையில் எனக்குக் கிடையாது.

முதல் லெஃப்ட் சுலபம். நுரையீரல்.
வாடிப்பட்டியில் நொட்டாங்கைப் பக்கம் என்போம்,
இவருக்கு அது புரியாது, சபைக்கும் ஆகாது.
இடப்பக்கம் என்று கையால் காட்டினேன்.
எதிரே கண்ணாடி போல
அவர் தன் வலப்பக்கத்தைத் தொட்டார்.

அடுத்தது, ஊரை எப்போது லெஃப்ட்.
"வெளிக்கிட்டது தொண்ணூற்றஞ்சில.
விட்டது எண்டு சொல்லேலாது."
பின்பாதியைச் சொல்ல
எனக்கு மூன்று வாக்கியம் பிடித்தது.
டாக்டர் வருஷத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.
நம் சொல்லில் இடம் என்றால்
கால் ஊன்றிய மண்ணும்தான்.
அவர்கள் இடம்
கிளம்பிப் போய்விட்ட ஒன்று.

மூன்றாவதில் லேசான கோபம்:
இருமலை இத்தனை நாள் அப்படியே லெஃப்ட்?
"கீரைப் பண்ணையில லீவு எடுத்தா
அடுத்த கிழமை கூப்பிடமாட்டாங்கள்."
லீவ், லீவு.
எழுத்தில் இரட்டைப் பிள்ளைகள்,
ஒன்றுக்குத்தான் சம்பளம் பிடிப்பார்கள்.

பிறகு டாக்டர் பேனாவை மூடினார்.
எவ்வளவு காலம் லெஃப்ட் என்று
மெதுவாக, என்னைப் பார்க்காமல், அவரைப் பார்த்து.
எனக்கு ஒரு மூச்சு நேரம்.
பாக்கி என்றால் வாசலில் கடன்காரன் நிற்பான்.
மீதி, கழித்தல் கணக்கு.
எஞ்சிய என்றால் செய்தி வாசிப்பது போலிருக்கும்.
மிச்சம் என்றேன்.
மிச்சம் இருப்பது ஆறு மாதம், கூடினால் எட்டு.
சிறுகச் சிறுகப் பிடித்து வைப்பதும்
மிச்சம்தானே.

அரியரட்ணம் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.
"மிச்சக் காசு மாதிரி.
எண்ணிப் பாக்கவேணும்."
லைக் சேஞ்ச் என்றேன்,
அவசரத்தில் அதுதான் வந்தது.
டாக்டர் குனிந்து, மிகவும் கனிவாக:
இல்லை, மன்னியுங்கள்,
இனி சேஞ்ச் எதுவும் ஆகாது.

அதையும் நான்தான் சொல்ல வேண்டும்.
இனி மாறாது.
"அப்ப, மாத்தேலாத நோட்டு"
என்று சிரித்தார் அவர், இருமல் வரும் வரை.
என்ன சொன்னார் என்றார் டாக்டர்.
ஒன்றுமில்லை என்றேன்.
பதினோரு வருஷத்தில் முதல் முறை
என் வாயிலிருந்து என் வாக்கியம்.
விட்டுவிட்டேன்.
அதற்கும் இதே லெஃப்ட்தான்.

வெளியே நடைவழியில் ஏஜென்சிப் படிவம்.
பெயர், மொழி, வந்த நேரம்.
அதன் கீழே: டைம் லெஃப்ட்.
நூற்றுக்கணக்கில் நிரப்பிய கட்டம்.
சுவரில் மணி பதினொன்று நாற்பது.
பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.
லிஃப்ட் வந்தது, திறந்தது,
யாரும் ஏறாமல்
மூடிக்கொண்டு போனது.