படிக்கணக்கு

கீழமாசி வீதியில் எனக்கு அரிசிக் கடை.
ஐம்பது மூட்டைப் பொன்னிக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவளிடம்
"அரிசியைக் குறைங்க" என்றார் டாக்டர்.
மூன்று மாதச் சர்க்கரை எட்டு புள்ளி ஒன்று.
எனக்கு எடை புரியும், விலை புரியும்,
இந்தப் புள்ளிதான் புரியவில்லை.

அதனால் ஞாயிறு விடியுமுன்
மெகருன்னிஸாவின் ஸ்கூட்டியில் தொற்றிக்கொண்டு
கீழக்குயில்குடி.
மெகர் தையல்காரி. நாளெல்லாம் மிதிப்பவள்.
"மெஷினை மிதிச்சது பத்தாதாம்டி,
மலையையும் மிதிக்கணுமாம்."
தாமரைக் குளத்தோரம் வண்டியை நிறுத்தி
ஆலமரத்தடியில் வேகும் வடையின் பக்கம் திரும்பாமல்
(திரும்பினோம். வாங்கவில்லை)
ஏறுகிறோம்.

பாறையில் வெட்டிய படிகள்.
என் கடையிலும் ஒரு படி இருக்கிறது,
பித்தளை, முத்திரை குத்தியது,
இப்போது பேனா போட்டு வைக்க.
அதில் தலைதட்டி அளந்தே பெருத்தேன்.
இதில் மூச்சுத்தட்டி இளைக்கப் பார்க்கிறேன்.

பத்துப் படிக்கு ஒரு இட்லி கழியும் என்கிறாள் மெகர்.
நம்ப ஆசைதான்.
ஆனால் அவள் துணியில் மட்டுமல்ல, கணக்கிலும்
ஓரத்தில் அரை அங்குலம் விட்டுத்தான் வெட்டுவாள்.

பேச்சிப்பள்ளத்தில் சாய்ந்து உட்கார்ந்தால்
எதிரே வரிசையாகக் கல்லில் அவர்கள்.
சம்மணமிட்டவர், நின்றவர்,
ஒருவருக்கும் தொப்பை இல்லை.
ஆயிரம் வருஷமாக
ஒரு வாய் தண்ணீர் கேட்கவில்லை.
கீழே வட்டெழுத்து. செய்து கொடுத்தவர்களின் பேராம்.
யார் கண்டது,
எனக்குப் பற்றுவரவு மாதிரித்தான் தெரிகிறது.

பசியைப் பட்டினி போட்டவர்கள் இருந்த மலையில்
நான் நினைத்துக்கொண்டிருந்தது
அயிரை மீனை.
மன்னிக்கட்டும்.
அவர்கள் மதுரைக்குச் சாப்பிட வரவில்லை.
நான் பிறந்ததே இங்கே.

நேற்றே சொல்லி வைத்தது. மீன் உயிரோடு வரும்.
பாலில் விட்டால் மண்ணைத் துப்பும்.
கல்லுப்பில் உரசி, மண்சட்டியில்,
புளி ஒரு சுற்றுத் தூக்கலாக.
சோறு ஒரு கரண்டி.
ஒன்றே.

இருபத்திரண்டு வருஷம் நின்றபடி தின்றேன்.
எச்சில் கையைத் தூக்கிப் பிடித்து
இடது கையால் கல்லாவைத் திறந்து,
நாலு நிமிஷத்தில் ஒரு தட்டு.
என்ன குழம்பு என்று
சாயங்காலம் ஏப்பம் வந்து சொல்லும்.

இன்று அந்த ஒரு கரண்டிக்கு
அரைமணி நேரம்.
முள் பஞ்சுபோல நொறுங்கியது.
வெந்தயம் ஒன்று பல்லில் பட்டுக் கசந்தது.
மெல்ல மெல்ல
சோறு தானாக இனித்தது.
அரிசி விற்கிறவளுக்கு இது
ஐம்பத்தோரு வயதில் தெரிகிறது.
"அந்த இனிப்புதான்டி உன் சர்க்கரை"
என்றாள் மெகர்,
மூன்றாவது கரண்டி போட்டுக்கொண்டு.
அவளுக்குப் புள்ளி எதுவும் இல்லை.
முழங்கால் மட்டும்தான்.

திங்கள் காலை லாரி வந்தது.
மூட்டையில் குத்தூசி விட்டு
நாலு மணி அரிசி எடுத்துக்
கடைவாயில் வைத்துக் கடித்தேன்.
கடுக்கென்றால் காய்ந்தது,
நசுங்கினால் ஈரம்.
முப்பது மூட்டை. முப்பது கடி.
கடித்ததும் துப்பிவிட வேண்டும்.
அதுதான் தொழில்.

பிளவுஸ் கொடுக்க வந்த மெகர்
வாசலிலேயே நின்று பார்த்தாள்.
"ராஜகனி, இதை எந்தக் கணக்குல எழுதுறது?"

புதுப் பொன்னி வாயில்
பாலாகிக் கொண்டிருந்தது.
கையை மட்டும் ஆட்டினேன்.