நேராக நடக்கும் சத்தம்

மேல்வீட்டு ஃபரங்கீஸ் நடப்பதை
ஒன்பது வருடமாகக் கேட்கிறேன்.
படுக்கையறையிலிருந்து அடுப்படிக்கு
எட்டு எட்டு வைத்தால் போதும்,
என் வீடும் அதே அளவுதான்.
அவள் பத்தொன்பது வைப்பாள்.
நாலு நேராக, அப்புறம் ஓர் ஒதுங்கல்,
பக்கவாட்டில் மூன்று,
எதிலோ இடித்துக்கொண்டு ஒரு முனகல்.
பாறைக்குப் பாறை விலகிப் போகும் ஓடை மாதிரி
என் தலைக்கு மேலே ஒருத்தி
தன் வீட்டுக்குள் வளைந்து வளைந்து போவாள்.

கெர்மான்ஷாவில் எஸ்ஃபந்த் மாதத்துக் கடைசி வாரம்.
பராவ் மலையில் இன்னும் பனி.
புது வருடத்துக்கு முன் எல்லோரும் செய்யும் வேலைக்கு
எங்கள் பாஷையில் 'வீட்டை உலுக்குவது' என்று பெயர்.
கூட்டுவதும் துடைப்பதும் அதற்குப் பிறகுதான்.
கீழே போர்வை விரித்து
முசுக்கட்டை மரத்தை உலுக்குவோமே, அப்படி:
உதிர வேண்டியது உதிரட்டும்.

சுவருக்குச் சுவர் கம்பளங்கள் தொங்குகின்றன.
தெரு சோப்புத் தண்ணீரில் வழுக்குகிறது.
ஃபரங்கீஸ் மட்டும் வருடா வருடம்
திரைச்சீலையைத் துவைத்து மாட்டிவிட்டுக்
கதவைச் சாத்திக்கொள்வாள்.

இந்த முறை என் கதவைத் தட்டினாள்.
"இடுப்பு நன்றாக இருக்கிறதா? பெட்டி தூக்குவீர்களா?"

இருபத்திரண்டு பெட்டிகள்.
அப்பாவின் மாதுளைத் தோட்டத்துக்காக
அண்ணன்மேல் போட்ட வழக்கு.
மனுக்கள், நகல்கள், நகல்களின் நகல்கள்,
வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று
மூன்று விதமாகச் சொல்லும் மூன்று வரைபடங்கள்.
தீர்ப்பு வந்து நாலு வருடம்.
தோற்றுவிட்டாள்.
அண்ணன் தோட்டத்தை விற்று,
விற்ற காசையும் தின்று தீர்த்துவிட்டான்.

"அப்புறம் எதற்கு வைத்திருந்தீர்கள்?"

"ராத்திரி படுத்தால் வாதாட ஆரம்பித்துவிடுவேன்.
ஏதாவது தேதி மறந்துபோனால்
எழுந்து போய்ப் பார்க்க வேண்டாமா?"

சிரிக்காமல் சொன்னாள்.
நானும் சிரிக்காமல் அடுத்த பெட்டியைத் தூக்கினேன்.

உப்புக்காரன் நீல வண்டியில் வந்தான்.
காய்ந்த ரொட்டி, உடைந்த பிளாஸ்டிக், பழைய காகிதம் என்று
ஒலிபெருக்கி தெருவெல்லாம் கத்தியது.
நூற்று முப்பத்தாறு கிலோ.
பதினோரு வருட வழக்குக்கு
இரண்டு மூட்டை உப்பு, ஒரு சிவப்புத் தொட்டி.
இன்னொரு தொட்டி வேண்டும் என்று
அரைமணி நேரம் அவனோடு மல்லுக்கட்டினாள்.
அதிலும் தோற்றாள்.
இந்தத் தோல்விக்கு மட்டும்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வண்டி கிளம்பும்போது ஓடிப்போய்
ஒரே ஒரு தாளை உருவிக்கொண்டாள்.
தீர்ப்பாக்கும் என்று நினைத்தேன்.
தாளின் பின்பக்கத்தில்
பூண்டு ஊறுகாய்க்கு எவ்வளவு வினிகர் என்று
எப்போதோ கிறுக்கி வைத்திருந்தாளாம்.

அன்று ராத்திரி காதைத் தீட்டிக்கொண்டு படுத்தேன்.
நாலு நேராக, ஓர் ஒதுங்கல், பக்கவாட்டில் மூன்று.
அதே பத்தொன்பது.
இல்லாத பெட்டிகளைச் சுற்றிச் சுற்றிப் போனாள்.
மறுநாளும் அப்படியே.
பெட்டிகள் வீட்டைவிட்டு இறங்கிய வேகத்தில்
காலைவிட்டு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் நடுவில் நின்றாள்.
ரொம்ப நேரம் நின்றாள்.
காலால் தரையைத் தடவிப் பார்த்திருப்பாளோ என்னவோ.
பிறகு
ஒன்று, இரண்டு, மூன்று...
எட்டு.
திரும்பி வந்தாள், எட்டு.
மறுபடியும் ஒருமுறை,
எதற்கும் இல்லை, சும்மா.
அதற்கப்புறம் விடியும்வரை
மேலே சத்தமே இல்லை.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று.
எழுந்து என் மேசை இழுப்பறையைத் திறந்தேன்.
எந்தப் பூட்டுக்கும் சேராத ஆறு சாவிகள்.
ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன்.
ஐந்தை வெளியே வைத்தேன்.
ஒன்றைத் திரும்ப உள்ளே போட்டு மூடினேன்.
கேட்காதீர்கள்.

வெளுக்கும் நேரத்தில்
மேலே ஒரு நாற்காலி இழுபட்டது,
ஜன்னல் ஓரமாக.
இந்த ஒன்பது வருடத்தில்
அந்த மூலையிலிருந்து
சத்தம் எதுவும் வந்ததே இல்லை.