போக வர இருபது

சைக்கிள் டாக்சி ஓட்டுகிறவன் நான்.
பின்சீட்டில் பஞ்சு மெத்தை, ஓரத்தில் சிவப்புக் குஞ்சம்.
கெலிமானேயில் பிரசவத்துக்குப் போகிறவளும்
என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் போகிறாள்.

வழக்கறிஞர் இல்டா முவாலேயா
ஆறரைக்கே வாசலில் நின்றார்.
ஒரு பையில் மடித்த கறுப்பு அங்கி,
இன்னொன்றில் காகிதங்கள்.
"போலீஸ் தலைமையகம். போக வர எவ்வளவு?"
இருபது மெட்டிகல் என்றேன்.
பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தார்.

எண்ணுவது எப்படியென்று நானும் பார்த்தவன்தான்.
அன்றிரவு பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே
கொசுவை அடித்துக்கொண்டு நின்றேன்.
கரும்பலகையில் சாக்பீஸ் கோடுகள்,
ஐந்தைந்தாகக் கட்டிய விறகு மாதிரி.
எங்கள் அபிலியோ தக்கிதிருக்கு இருநூற்றுப் பதினேழு.
அடுத்தவருக்கு அறுபத்து நான்கு.
மறுநாள் வானொலியிலும் அதே இரண்டு எண்கள்.
இடம்தான் மாறி உட்கார்ந்திருந்தன.
கூட்டிப் பார்த்தால் கணக்கு சரி.

செவ்வாய்க்கிழமை
சலூன் நாற்காலியிலிருந்து அபிலியோவை எழுப்பினார்கள்,
ஒரு கன்னத்தில் நுரையோடு.
அவரைக் கேட்கப் போனார் கட்சிச் செயலாளர் ரொசாரியா.
ரொசாரியாவைக் கேட்கப் போனார்கள்
இரண்டு வக்கீல்கள், கோட்டும் டையுமாக.
கேட்கப் போனவர்களைக் கேட்கப் போனவர்களைக்
கேட்கத்தான் இவர் போகிறார்.

வழியெல்லாம் நான் பேசவில்லை.
அவர்தான் சொன்னார்:
"உன் செயின் அழுகிறதே, எண்ணெய் விடக்கூடாதா?"
ஆற்றில் தண்ணீர் இறங்கி சேறு தெரிந்தது.
எந்தக் காலத்துக் கப்பல்காரனோ
இந்த ஆற்றுக்கு நல்ல சகுனங்கள் என்று பெயர் வைத்துப் போனான்.
நாங்கள் அதில் நண்டு பிடிக்கிறோம்.

கேட்டில் இறங்கி
அங்கிப் பையை என்னிடம் நீட்டினார்.
"கசங்கிவிடும். வைத்திரு."
காகிதப் பையோடு உள்ளே போனார்.

எட்டு. பத்து.
வேப்பமரத்து நிழல் என்னை விட்டு நகர்ந்துபோன நேரத்தில்
ஒரு சார்ஜென்ட் பல் குத்திக்கொண்டு வந்தார்.
"யாருக்காக நிற்கிறாய்?"
"சவாரிக்கு."
"அந்தம்மா வராது. போ."
"திரும்பி வரவும் காசு கொடுத்திருக்கிறார்."
"திருப்பிக் கொடுத்துவிடு."
"யாரிடம்?"
பல்குச்சி நின்றது.
பிறகு குரலை இறக்கி,
"எங்கள் வீட்டுப் பக்கம்கூட ஜன்னலில் நின்று எண்ணினார்கள்" என்றார்.
எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது,
அது என்மேலேயே எரிச்சலாக மாறியது.

மூன்று மணிக்கு இன்னொரு சைக்கிள்.
ஓட்டியவன் தொமேனிக்கோ, என் பேட்டைக்காரன்.
பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட இளம்பெண்,
கையில் கறுப்பு அங்கி.
அவனையும் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.
அவன் சைக்கிளை என்னுடையதன்மேல் சாய்த்தான்.
"எவ்வளவு கொடுத்தாள்?"
"போக வர இருபது."
இருவரும் ஒரு சோளக்கதிரைப் பிய்த்துத் தின்றோம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஐந்து சைக்கிள்.
கலைந்து போகச் சொன்னார்கள்.
சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம்.

மழை பிடித்தது. அங்கியைச்
சட்டைக்குள் திணித்துக்கொண்டேன்.
இஸ்திரிச் சூடு எப்போதோ போய்விட்டது,
ஆனாலும் வயிற்றுக்கு இதமாக இருந்தது.
தொமேனிக்கோ தையல் மெஷின் எண்ணெய் வைத்திருந்தான்.
கடன் வாங்கி
இருட்டிலேயே தடவித் தடவி
செயினில் கண்ணிக்கொரு சொட்டு விட்டேன்.

இன்னும் பத்து மெட்டிகல் தூரம்
அவருக்கு நான் பாக்கி.